வண்டியோடு ஆளும்

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பஸ்ஸின் அடிச்சட்டமான சேஸிஸின் மேல் அப்பியிருந்த கிரீஸையும் சேற்றையும் அவள் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்கான அழுக்கு, லேசில் மசியவில்லை. அதற்கு அடியில் எங்கோ எண்கள் இருந்தன. அந்த எண்களின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு அப்படியே தாளில் ஏறும். அதை விற்பனைப் பத்திரத்தோடு ஒட்ட வேண்டும். பார்த்து எழுதினால் போதாதா என்று கேட்டதற்கு, "எழுத்துல யாரு வேணா கை வைக்கலாம் மேடம், இரும்பு பொய் சொல்லாது" என்று புரோக்கர் போனில் சொல்லியிருந்தார். தன் தொழிலில் அவர் நம்பிய ஒரே சாட்சி இரும்புதான் போலிருக்கிறது.

"துணி குடுங்க சித்தப்பா" என்று கையை நீட்டினாள்.

சித்தப்பா பக்கத்திலேயே மண்டியிட்டு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது, ஒரு நூல் பிசகவில்லை. துணி அவர் தோளில் கிடந்தது. ஆனால் அவர் காதுக்கு நேராக நீண்டிருந்த கை அவருக்குத் தெரியவில்லை. "இந்தா" என்று துணியை எடுத்து, நேர் முன்னால், யாருமில்லாத சக்கரத்திடம் நீட்டினார். அவள் எட்டி வாங்கிக்கொண்டாள்.

சித்தப்பாவுக்கு நேரே இருப்பது நன்றாகத் தெரியும். ஓரம்தான் தெரியாது. குழாய்க்குள்ளே இருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கு என்று அவரே ஒரு தடவை சொன்னார், சொல்லிவிட்டு அதற்காக வெட்கப்பட்டார். போன வருஷம் அவள்தான் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். போன பார்வை இனி வராது, மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம், வண்டி ஓட்டுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்றார் டாக்டர். "சரிங்க டாக்டர்" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்த பஸ்ஸை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குத் திரும்பினார். அவளும் அதே பஸ்ஸில்தான் ஏறி வந்தாள். டாக்டரிடம் அத்தனை கேள்வி, சீட்டு எழுதும் இடத்தில் அத்தனை சண்டை என்று வாய் ஓயாமல் இருந்தவளுக்கு, வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை எழும்பவில்லை.

அப்பாவுக்கு அது முன்பே தெரியும். அண்ணனும் தம்பியும் அதற்கு ஓர் ஏற்பாடே செய்து வைத்திருந்தார்கள். அப்பாதான் முதலாளி, அப்பாதான் கண்டக்டர். டிக்கெட் கொடுத்து முடித்ததும் டிரைவருக்கு அந்தப் பக்கம், இன்ஜினை மூடியிருக்கும் பானெட்டை ஒட்டிய ஒற்றை இருக்கையில் வந்து உட்கார்ந்து, விரலில் கிடந்த இரும்பு மோதிரத்தால் கம்பியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் இடது பக்கம் ஏதோ வருகிறது. இரண்டு தட்டு என்றால் வலது பக்கம். உள்ளங்கையால் பானெட்டின் மேல் ஓங்கி ஓர் அறை விழுந்தால் நிறுத்து. பயணிகள் அதைப் பழக்கதோஷம் என்று நினைத்தார்கள். "மொதலாளிக்கு இன்னைக்கு வசூல் நல்லா இருக்கு போல, தாளம் போடறாரு" என்று கிண்டலடித்தார்கள். அண்ணன் கண்ணும் தம்பி கையும் சேர்ந்து ஒரு டிரைவராக எத்தனை மாதம் ஓடியதோ, கணக்குப் பார்க்கப் பயந்து அவள் அதை விட்டுவிட்டாள். பிறகு சர்க்கரை வந்து அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. கண் படுத்துவிட்டது, கை மட்டும் எங்கே போகும்? பஸ் வாசலிலேயே நின்றுபோனது.

விற்பது என்று முடிவானதும் அவள் கேட்ட முதல் கேள்வி, சித்தப்பாவுக்கு என்ன என்பதுதான். வண்டி வாங்கும்போது இரண்டு பேர் உழைப்பும் அதில் இறங்கியது. பெயர் மட்டும் அப்பாவுடையது. பஸ் அண்ணன் பேரில், ஸ்டியரிங் தம்பி கையில். சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சம்பளம் என்று ஒன்று வாங்கவில்லை, முன்னறை மூலையில் ஒரு பாயும் சுவரில் நான்கு ஆணியும்தான் அவர் சொத்து. அவளுடைய பட்டம், இந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தி வாங்கிய பட்டம், அந்த ஸ்டியரிங்கில் இருந்து வந்தது. "அவருக்கு என்ன எழுதி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டபோது அப்பா அவளை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என் தம்பிக்கு நான் எழுதி வெக்கணுமா? நாங்க என்ன அந்நியமா?" எழுதி வைக்காதது பாசம் என்று இவர்கள் நினைக்கிறார்கள். எழுதி வைக்காததில் எப்போதும் ஏமாறுவது எவனோ, அவனிடம் யாரும் கேட்பதில்லை. பஸ் விற்று வரப்போகிற பணமோ வருவதற்கு முன்பே போய்விட்டது, காலுக்கும் காலை எடுத்த ஆஸ்பத்திரிக்கும்.

ஆகவே அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். வண்டியோடு ஆளும் போகட்டும். வாங்குகிறவர் சித்தப்பாவையே டிரைவராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி. அந்தக் கண்? வாங்குகிறவர் விடப்போவது ஒரே நேர்ரோடு, தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி, முன்னால் உட்காருகிற கண்டக்டரைப் பழக்கிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தில் ஓட்டை இருப்பது தெரியும். ஆனால் அப்பாவின் மேல் இருந்த கோபம் அந்த ஓட்டையை நன்றாகவே அடைத்துவிட்டது. போனில் சொன்னபோது புரோக்கர் சிரித்தார். "பஸ்ஸ விக்கறீங்களா, ஆள விக்கறீங்களா மேடம்?"

"ஏன், ஆளு இல்லாம உங்க பஸ்ஸு தானா ஓடுமா?" என்றாள். அவர் மேற்கொண்டு சிரிக்கவில்லை.

பென்சில் அச்சு நன்றாக விழுந்தது. சித்தப்பா அதை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். "பாரு வக்கீலு, இது நம்ம வண்டியோட ரேகை" என்றார். சின்ன வயதில் இருந்து அவள் வாய்க்கு அவர் வைத்த பெயர் அது. அவள் படித்தது கணக்கு. அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒன்பது பஸ்காரர் பத்தாவதை வாங்க வந்து இறங்கினார். ஊரில் அவரை அப்படித்தான் சொல்வார்கள். குரலை உயர்த்தாத மனிதர், சட்டைப் பையில் ஒரு பேனா மட்டும். கூட வந்த புரோக்கர் அவருக்கும் சேர்த்துப் பேசினார், அவருக்கும் சேர்த்து வியர்த்தார். அப்பா கட்டிலில் சாய்ந்து, இல்லாத காலைப் போர்வையால் மூடிக்கொண்டு, முதலாளிக்கு முதலாளியாக உட்கார்ந்திருந்தார்.

"பேப்பர் எழுதறதுக்கு முன்னாடி ஒரு சுத்து போயிட்டு வந்துடலாமா?" என்றார் ஒன்பது பஸ்காரர். "வண்டியையும் பாத்த மாதிரி இருக்கும், ஓட்டறவர் கையையும் பாத்த மாதிரி இருக்கும்."

அப்பா அவளைப் பார்த்தார். விரலில் இருந்த இரும்பு மோதிரத்தைத் திருகிக் கழற்றி, அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். அது அவள் விரல் எதிலும் நிற்கவில்லை. கட்டைவிரலில் போட்டுக்கொண்டாள். எந்தக் கல்லூரியிலும் எழுதாத ஒரு பரீட்சைக்குப் போகிற மாதிரி படி இறங்கினாள்.

அந்த ஒற்றை இருக்கையில் அவள் அதுவரை உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் ரோடு மொத்தமும் கண்ணாடி வழியாக நம் மடியில் வந்து விழுகிறது. சித்தப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். இரண்டு மாதமாகப் பாயில் சுருண்டு கிடந்த மனிதர் இவரா என்று இருந்தது. முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. கியரைப் போட்டுக்கொண்டே, பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்காத குரலில், "பயப்படாத வக்கீலு. சும்மா அடி, நான் பாத்துக்கறேன்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று அவள் கேட்கவில்லை.

ஒரு தட்டு. வண்டி கொஞ்சம் வலதுக்கு ஒதுங்கியது. இரண்டு தட்டு. இடதுக்கு நகர்ந்தது. அவள் விரலுக்கு அவ்வளவு பெரிய இரும்பு கீழ்ப்படிவதில் ஒரு கணம் அவளுக்குப் பெருமைகூட வந்தது. "என்னம்மா, பாட்டே இல்லாம தாளமா?" என்றார் ஒன்பது பஸ்காரர். "பழக்கம்" என்றாள். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சித்தப்பா வண்டியைத் தண்ணீர்க்குடம் தூக்குகிறவர் மாதிரி அலுங்காமல் கொண்டுபோனார். "கை நல்ல கை சார்" என்று புரோக்கர் ஒத்து ஊதினார். நல்ல கைதான். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததே இல்லை.

மதில்சுவரை ஒட்டித் திரும்புகிற இடத்தில் வலது பக்கம் ஒரு லாரி ஏறிக்கொண்டு வந்தது. அவள் லாரியையே பார்த்து இரண்டு தட்டு தட்டினாள், பயத்தில் இன்னும் இரண்டு தட்டினாள். சித்தப்பா இடது பக்கம் ஒடித்தார். அந்தப் பக்கம், சுவரோரம், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கழன்ற செயினை மாட்டிக்கொண்டு ஒரு ஆள் குந்தியிருந்தார். சட்டையும் மண் நிறம், சுவரும் மண் நிறம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் எப்படிப் பார்ப்பது? அப்பா பார்த்தார், இத்தனை காலம் பார்த்தார். அவளுக்கு அந்தக் கழுத்து இல்லை. "சித்தப்பா!" என்று கத்திக்கொண்டே பானெட்டின் மேல் இரண்டு கையாலும் அறைந்தாள். வண்டி குலுங்கி நின்றது. புரோக்கர் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். சைக்கிள்காரர் செயினை மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில் பஸ்ஸின் மூஞ்சியைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "கண்ணு என்ன பொடனியிலயாடா இருக்கு?" என்று ஆரம்பித்து அவர் சொன்னதில் பாதியை எழுத முடியாது.

"பிரேக் பரவால்லையே" என்றார் ஒன்பது பஸ்காரர். புரோக்கர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே "சும்மா நச்சுனு நிக்குது சார்" என்றார். ஆனால் ஒன்பது பஸ்காரர் சித்தப்பாவின் முகத்தைப் பக்கவாட்டில் இருந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிறார்கள் என்பது தெரிந்தால்தானே திரும்புவதற்கு. பிறகு ஒன்பது பஸ்காரருடைய பார்வை அவள் கட்டைவிரலுக்கு வந்தது. அவள் கையை மடியில் மறைத்துக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா நடக்கிற வேகத்தில் ஓட்டினார், அவள் காக்காய் பறந்தால்கூடத் தட்டினாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுப் பத்திரம் எழுதினார்கள். புரோக்கர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். வண்டி எண், இன்ஜின் எண், நிறம், இருக்கைகள், ஸ்பேர் டயர் ஒன்று, ஜாக்கி ஒன்று, முதலுதவிப் பெட்டி ஒன்று, அதில் மருந்து இல்லை. "மருந்து இல்லன்னு எல்லாம் எதுக்கு மேடம்?" "இல்லாதத இருக்குன்னு எழுத மாட்டேன்." "சரி சரி, எழுதிக்கங்க, எழுத்து உங்களோடது." உள்ளது உள்ளபடி, இன்று இருக்கும் நிலையில் ஒப்படைக்கிறோம். இந்த நேரம் வரை நடந்தவற்றுக்கு விற்பவர் பொறுப்பு, இந்த நேரத்துக்குப் பிறகு நடப்பவற்றுக்கு வாங்குபவர் பொறுப்பு. "அந்த நேரத்த மட்டும் இப்ப காலியா விடுங்க. கையெழுத்துப் போடறப்ப மணி பாத்துப் போட்டுக்கலாம்" என்றார் புரோக்கர். பஸ் வியாபாரத்தில் அதுதான் உயிர்நாடியாம். சாவியைக் கொடுத்துவிட்டு நேரம் எழுதாமல் விட்ட ஒருத்தர், அன்றைக்கே அந்த வண்டி யார் மேலோ ஏறியதில் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்தாராம்.

"அப்புறம், தம்பி விஷயம்" என்றார் அப்பா.

புரோக்கர் நெளிந்தார். ஒன்பது பஸ்காரர் நெளியவில்லை. "சேத்துடலாமே" என்றார். "நல்ல டிரைவர் இப்ப எங்க கிடைக்கறாங்க? வண்டியோட ஆளும் வரட்டும். எழுதும்மா."

வாசல்படியில் நின்றிருந்த சித்தப்பா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், யாரோ அவரிடம் கை நீட்டிய மாதிரி. அம்மா டீ டம்ளர்களோடு பாதி வழியில் நின்றுவிட்டாள். சண்டை போடத் தயாராக இருந்த மகளுக்கு எதிரே ஆளே இல்லை. அவள் பேனாவைத் தாளில் வைத்தாள்.

"அதுக்குக் கீழயே இன்னொரு வரியும் சேத்துக்கோம்மா" என்றார் ஒன்பது பஸ்காரர், அதே குரலில். "டிரைவருக்குக் கண்ணு, காது, கை, காலு எல்லாம் சரியா இருக்கு. இத்தனை வருஷம் கூடவே இருந்து பாத்தவங்க நாங்க, இதுக்கு நாங்க பொறுப்பு. அப்படின்னு எழுதி, அதுக்கு நேரா நீயே ஒரு கையெழுத்துப் போட்டுடு. படிச்ச பொண்ணு போட்டா எனக்கு நிம்மதி." டீயை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க பேசி எழுதி வைங்க. நான் டயர ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்."

அவர் மறுக்கவே இல்லை. மறுக்கிற வேலையைத் தூக்கி அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவரைத் திட்டித் தீர்த்திருக்கலாம். பணக்காரப் புத்தி, உழைக்கிறவனுடைய அருமை தெரியாத கூட்டம் என்று ராத்திரி முழுக்கப் புலம்பியிருக்கலாம். அதற்குக்கூட வழி வைக்காமல் பண்பாகக் கழுத்தை அறுத்துவிட்டார். அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

"சார், டிரைவரா இல்லாட்டியும் பரவால்ல. உங்க ஷெட்ல வேற ஏதாவது வேலை..."

"ஷெட்ல ஆளு நிறைய இருக்காங்கம்மா. டிரைவர்தான் பத்தல" என்றார் அவர் டயரைக் காலால் தட்டிக்கொண்டே.

அதைச் சித்தப்பா கேட்டுவிட்டார். "ஷெட்ல நான் என்ன பண்றது வக்கீலு? பக்கெட் தூக்கவா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்தது. அவர் அவள் மேல் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை.

சமையலறைக்குள் போனாள். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"எழுதிடுடி. அவனுக்கு வேற என்ன இருக்கு?"

"யாராவது செத்தா?"

"இத்தனை நாள் யாரும் சாகலையே."

"இன்னைக்குச் செத்திருப்பாரும்மா ஒருத்தர்."

அம்மா அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "நான் அவனுக்குச் சோறு போடாம விட்டுடுவேனா? அது இல்ல. சும்மா சோறு போட்டா அவன் தின்ன மாட்டான். பத்து நாள்ல படுத்துடுவான், உங்க அப்பாவுக்கு முன்னாடி."

முன்னறையில் அப்பா ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார். "என்ன யோசிச்சுக்கிட்டு இருக்க? நேரத்தப் போட்டுட்டா அப்புறம் எல்லாம் அவரு பொறுப்பு. நீதான படிச்ச."

"நேரம் போட்டுட்டா? அப்ப அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி செத்தா நம்ம பாவம், அஞ்சு நிமிஷம் கழிச்சுச் செத்தா அவரு பாவமா?"

"மெதுவாப் பேசு."

"நான் கையெழுத்துப் போடணுமாம்ப்பா. நான்."

"உன்னைப் படிக்க வெச்சதே இதுக்குத்தானே. நம்மளுக்காக ஒரு கையெழுத்துப் போட நம்ம வீட்டுல ஒரு ஆளு வேணும்னுதான்."

அவள் அப்பாவையே பார்த்தாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது. தம்பியை எப்படியாவது ஒரு இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போய்ச் சேர நினைக்கிற, ஒற்றைக் காலோடு கட்டிலில் கிடக்கிற மனிதனின் முகம். இந்த மனிதரை வெறுப்பதற்காக அவள் சேர்த்து வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் அந்த நேரம் பார்த்துக் கைக்கு அகப்படவில்லை.

சித்தப்பா உள்ளே வந்து, கட்டில் காலில் இடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தார். "என்ன வக்கீலு, அந்த சைக்கிள்காரனா? அவன் கிறுக்கன். நடுரோட்டுல வந்து உக்காந்துக்கிட்டு செயின் மாட்றான்."

"ஓரத்துல சித்தப்பா."

"என்னது?"

"அவரு ஓரத்துலதான் உக்காந்திருந்தாரு. சுவரை ஒட்டி."

சித்தப்பா அவளைப் பார்த்தார். நேராகப் பார்த்தார். அவருடைய குழாயின் மறுமுனையில் அவள் முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும், சுற்றிலும் ஒன்றும் இல்லாமல். அவர் உதடு "ஓரம்" என்று சத்தமில்லாமல் அசைந்தது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த சீட்டுல அண்ணன் இருந்திருந்தா தட்டியிருப்பாரு" என்றார் சித்தப்பா. "நீ புதுசு. உன் மேல தப்பு இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எழுதிடும்மா. இதுவரைக்கும் இந்த வீட்டுல நான் என்ன கேட்டிருக்கேன்?" என்றார்.

ஒன்றும் கேட்டதில்லை. ஒரு சட்டைத்துணிகூட. சுருக்கென்று எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறவள் என்று தெருவிலும் வேலை பார்க்கிற ஆபீஸிலும் அவளுக்குப் பெயர். மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள், பெண் பார்க்க வந்தவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். உங்களுக்குக் கண் தெரியாது, இனி நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது. ஆறேழு வார்த்தை. அதை இந்த முகத்துக்கு நேராகச் சொல்ல முடியவில்லை.

ஒன்பது பஸ்காரரும் புரோக்கரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவள் பேனாவை எடுத்து, எழுதியதன் கடைசி வரியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள். கீழே பாதிப் பக்கம் காலியாக இருந்தது. காலி இடத்தில் பின்னால் யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடாதபடி மேல் மூலையில் இருந்து கீழ் மூலைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுப்பது வழக்கம். இழுத்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் சித்தப்பா. "படிச்சுக் காட்டு. ஒரு தடவை காதால கேட்டுக்கறேன்."

அவள் படித்தாள். வண்டி எண், இன்ஜின் எண், நிறம், மருந்து இல்லாத பெட்டி. உள்ளது உள்ளபடி. முற்றுப்புள்ளி வந்தது. அவள் நிறுத்தவில்லை. "இந்த வாகனத்தை இத்தனை ஆண்டுகளாக ஓட்டிவரும் ஓட்டுநரையே வாங்குபவர் தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்வார்" என்று அந்தக் கோட்டைப் பார்த்துப் படித்தாள். குரல் நன்றாகவே இருந்தது. கல்லூரியில் மேடையில் பேசிப் பரிசு வாங்கிய குரல். "அவர் திறமையிலும் உடல்நலத்திலும் எங்களுக்கு முழு நம்பிக்கை உண்டு."

"ஆங்" என்றார் சித்தப்பா. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புரோக்கர் தாளை எட்டிப் பார்த்தார், வாயைத் திறந்தார். ஒன்பது பஸ்காரர் அவர் முழங்கையைத் தொட்டார். அவர் வாயை மூடிக்கொண்டார். தாள் அப்பாவிடம் போனது. அப்பா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்து வரி வரியாக இறங்கி, கோடு தொடங்கும் இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. கோட்டின் மேலேயே மெல்ல நகர்ந்து கீழ் மூலைவரைக்கும் போனது. நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை, மணி பார்ப்பவள் போலக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கையெழுத்துப் போட்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக.

ஒன்பது பஸ்காரர் தன்னுடைய பேனாவால் கையெழுத்துப் போட்டார், நேரத்தையும் அவரே நிரப்பினார். படி இறங்கும்போது அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வண்டிய புரோக்கரு கொண்டாந்துடுவாரு. மிச்சத்த நீயே சொல்லிடும்மா" என்றார். அந்தக் குரலில் ஏளனம் இல்லை. இருந்திருக்கலாம். கார் கிளம்பிப் போனது.

சித்தப்பா உள்ளே அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணி, அந்த வெள்ளைச் சட்டை எங்க? மொத நாளு, நல்லதாப் போட்டுக்கிட்டுப் போறேன்." அம்மாவின் பதில் கேட்கவில்லை. பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. அவள் வாசலில் நின்றாள். புரோக்கர் பஸ்ஸைச் சுற்றி வந்து, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். குட்டையான மனிதர், கால் பிரேக்குக்கு எட்டவில்லை. இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் பார்த்து, "என்னய்யா இது?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இடது கண்ணாடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கண்ணாடி பஸ்ஸின் சொந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகவோ. அவர் கையை வெளியே விட்டு வலது கண்ணாடியைத் திருப்பினார். அதில் முதலில் மதில் வந்தது, பிறகு ஜன்னல், பிறகு வாசலில் நின்றிருந்த அவள். அங்கேயே நிறுத்தி, அதற்குள் இருந்தபடியே அவளைப் பார்த்தார். சொல்லிட்டீங்களா என்று புருவத்தை உயர்த்தினார்.

சித்தப்பா வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், கக்கத்தில் இடுப்புக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை. அவளைத் தாண்டி நேராக நடந்து, பஸ்ஸின் கதவுக்குக் கீழே போய் நின்று, மேலே உட்கார்ந்திருந்தவரை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"ஓட்டிப் பாக்கறீங்களா? பாருங்க, பாருங்க" என்றார். "சீட்ட மட்டும் ரொம்ப முன்னாடி தள்ளிடாதீங்க. அப்புறம் எனக்கு முட்டி இடிக்கும்."

புரோக்கரின் கை சீட்டுக்கு அடியில் இருந்த இரும்புப் பிடியில் இருந்தது. கண்ணாடியில் அவர் கண்கள் அவளை விட்டு நகரவில்லை. சித்தப்பா பாட்டிலை ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, தலையணையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டு, வெயிலில் காத்திருந்தார். பிடி மேலே எழுந்தது. சீட் தண்டவாளத்தில் ஒரு பல் முன்னால் நகர்ந்து, டக்கென்று விழுந்தது.